அன்செல்ம் திறக்காத பீப்பாய்

அன்செல்ம் லபாதிக்கு மூக்கு உண்டு. அதைத் தவிர வேறொன்றும் இல்லை என்பார்கள் தெற்குப் பிரான்ஸில் எங்கள் கஸ்கோனிக்காரர்கள். யார் வீட்டுக்குப் போனாலும் அர்மன்யாக் பிராந்தியில் ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டுத் தேய்ப்பார், மோந்து பார்ப்பார், முகத்தைச் சுளிப்பார். பாரிஸிலிருந்து வருகிறவர்கள் ஏதாவது ஒன்றை மெச்சிவிட்டால், "இவனுங்க நாக்கு நாக்கில்ல, செருப்புத் தோலு" என்று அவர்கள் முகத்துக்கு நேராகவே சொல்வார். இப்பேர்ப்பட்ட ஞானியை ஊர் இத்தனை காலம் பொறுத்துக்கொண்டதே பெரிய விஷயம்.

மகள் யூலலி பிறந்த வருஷம் காய்ச்சிய பிராந்தியைப் புது ஓக் பீப்பாயில் ஊற்றி, அவள் கல்யாணத்தன்றுதான் திறப்பேன் என்று ஊரறியச் சொல்லிவிட்டார். யூலலிக்கு எதிலும் அவசரம் கிடையாது. படித்தாள், வேலைக்குப் போனாள், நாற்பதை நெருங்கும்வரை மாப்பிள்ளையைப் பற்றி யோசிக்கவே இல்லை. பீப்பாயும் கூடவே காத்துக் கிடந்தது.

மரம்தான் பிராந்தியை வளர்க்கும். ஓர் அளவுக்கு மேல் விட்டால் அதுவே தின்றும்விடும். பக்குவம் வந்ததும் பெரிய கண்ணாடிக் குடுவைக்கு மாற்றிவிட வேண்டும். கண்ணாடிக்குள் போய்விட்டால் அப்புறம் வயது ஏறாது. வாத்து மேய்க்கிறவனுக்கும் தெரிந்த சங்கதி இது. பக்கத்துத் தோட்டத்து மாத்துரான் வேலியோரம் நின்று சொல்லத்தான் செய்தார்.

"போதும்யா அன்செல்ம். நான் என்னோடத கண்ணாடிக்கு மாத்திட்டேன். உன்னோடதயும் எறக்கிடு."

"உன் சரக்குக்கு அது சரி. என்னோடது இன்னும் வளருது. உனக்கெல்லாம் சொன்னா எங்க புரியப்போகுது?"

"ஒரு வாட்டி தொறந்து மோந்தாவது பாத்தியா?"

"கல்யாணத்துக்கு முன்னாடி தொறக்க மாட்டேன்னு சொன்னவன்யா நான்!"

வீம்பு. ஊரார் பீப்பாய்க்கெல்லாம் மூக்கை நீட்டிய மனுஷன், தன் பீப்பாய்ப் பக்கம் மட்டும் நீட்டவில்லை.

கடைசியில் யூலலி கட்டிக்கொண்டது அந்த மாத்துரானின் மகனைத்தான். விருந்தில் வாத்துக்கறி தீர்ந்து, காபியும் ஆனது. காபி குடித்து முடித்த கோப்பையிலேயே, சூடு ஆறுமுன் பிராந்தி வாங்குவது இங்கே வழக்கம். எல்லோரும் கோப்பையை நீட்டினார்கள்.

"போய்க் கழுவிட்டு வாங்கடா, காட்டுப் பசங்களா" என்றார் அன்செல்ம்.

கூடத்துக்கே கொண்டுவந்து வைத்திருந்த பீப்பாயின் அடைப்பைப் பிடுங்கினார். ஒரு சொட்டை உள்ளங்கையில் தேய்த்து மோந்தார். பலகை வாசனை. மழையில் நனைந்த வெறும் பலகை. பழமும் இல்லை, காரமும் இல்லை. தனக்குத்தானே பொய் சொல்லிக்கொள்ளவும் அந்த மூக்கு விடவில்லை.

"ஊத்துங்கப்பா" என்றாள் யூலலி. வேறு வழியில்லாமல் ஊற்றினார். அவள் ஒரு வாய் குடித்தாள். அவளும் லபாதி வீட்டு மூக்கோடு பிறந்தவள்தானே.

"பரவால்லப்பா, பிளம்ஸ் ஊறப்போட ஆகும். வீணாப் போகாது."

கிண்டலாகச் சொல்லவில்லை, ஆறுதலாகத்தான் சொன்னாள். கூடத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சண்டைக்காவது போயிருப்பார்.

மாத்துரான் மேசைக்கடியிலிருந்து தன் குடுவையை எடுத்தார். "இதுவும் நம்ம யூலலி பொறந்த வருஷத்துதுதான். கோப்பைய நீட்டுங்க, சம்பந்தி."

அன்செல்ம் மோந்து பார்க்காமலே குடித்தார். அருமையாக இருந்தது.

"இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றார், மாத்துரானின் முகத்தைப் பார்க்காமல்.