அக்காவின் பவருக்குச் செய்த ஈயக் கண்ணாடி

"மூக்கு" என்று அக்கா ஒரே ஒரு சொல் சொல்வார். நான் கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு ஓடிப்போய், அவர் மூக்கிலிருந்து சரிந்துகொண்டிருக்கும் ஈயக் கண்ணாடியை ஒரு விரலால் மேலே தள்ளிவிடுவேன். பெங்களூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் கேத் லேப் அது. இதய ரத்தக் குழாயின் அடைப்பை எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டே சரிசெய்யும் அறை. ஆம்பூரிலிருந்து வந்து சேர்ந்த புதிதில் நான் அங்கே செய்த முக்கியமான வேலை இதுதான். அக்கா சீனியர் நர்ஸ். டாக்டருக்குப் பக்கத்தில் நின்று கம்பியும் பலூனும் எடுத்துக் கொடுப்பவர். கிருமி நீக்கிய கையுறை போட்ட கையால் தன் முகத்தைத் தொடக்கூடாது. அதனால் அந்த அறையில் ஒருவர் மூக்கு இன்னொருவர் பொறுப்பு.

அக்கா பெங்களூரிலேயே, மர்பி டவுனில் பிறந்து வளர்ந்தவர். சிறு வயதிலிருந்தே கிட்டப்பார்வை. தடித்த கண்ணாடி இல்லாவிட்டால் எதிரில் நிற்பவரின் முகம் தெரியாது. லேபுக்கு வாங்கிப் போட்டிருந்ததோ பவர் இல்லாத ஈயக் கண்ணாடி. எக்ஸ்ரே நோயாளியின் உடம்பில் பட்டுச் சிதறி எங்கள் முகத்துக்கும் வரும் என்பதால் அதை மாட்டியே ஆக வேண்டும். ஆனால் ஒரு கண்ணாடிக்கு மேல் இன்னொன்று எப்படி உட்காரும்? கனம் வேறு, வியர்வை வேறு, மாஸ்க்கிலிருந்து ஏறும் மூச்சு ஆவியாகப் படிவது வேறு. பவரும் சேர்த்தே ஈயக் கண்ணாடி செய்வார்கள் என்று தெரிந்து, அக்கா மருத்துவமனை ஸ்டோரில் கேட்டுக்கொண்டே இருந்தார். "நோடோணா மேடம், பார்க்கலாம்" என்பார் ஸ்டோர்காரர். அவர் நல்ல மனிதர்தான். அவருக்கு மேலே இருந்தவர்களும் நல்ல மனிதர்கள்தான். நல்லவர்களிடம் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோவது தனி அலுப்பு.

ஒரு கட்டத்தில் அக்கா "மூக்கு" என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். ஈயக் கண்ணாடி சுவரில் ஆணியிலேயே தொங்கியது. கேட்டதற்கு, "ரெண்டையும் போட்டா ஒயரே தெரியலம்மா. தெரியாம நான் என்னத்த எடுத்துக் குடுக்கறது? பேட்ஜுல நார்மல்னுதானே வருது, விடு" என்றார். நாங்கள் எல்லோருமே அந்தப் பேட்ஜை நம்பியவர்கள்தான். கதிர்வீச்சை அளக்கும் அந்தச் சின்ன வில்லையை ஈய ஏப்ரனுக்கு உள்ளே, மார்பில் குத்திக்கொள்வோம். ஏப்ரனுக்குப் பின்னால் பத்திரமாக இருந்த நெஞ்சைப் பற்றி அது சரியாகத்தான் சொன்னது. கண்ணைப் பற்றி அதற்கு எப்படித் தெரியும்?

பிறகு, பலூன், குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் ஆகியவற்றின் பாக்கெட்டில் அச்சிட்டிருக்கும் அளவை என்னைப் படிக்கச் சொல்ல ஆரம்பித்தார். எனக்குச் சந்தேகம் வந்ததை முகத்திலேயே பார்த்திருக்க வேண்டும். உடை மாற்றும் அறையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "யார்கிட்டயும் சொல்லிடாதம்மா. கண்ணு சரியில்லன்னா லேப விட்டு அனுப்பிடுவாங்க. இத விட்டா எனக்கு வேற என்ன தெரியும்?" என்றார். நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் வரவில்லை. பாக்கெட்டைப் பிரிக்கும் முன் அளவைச் சத்தமாகச் சொல்வது எங்கள் வழக்கம். ஒருநாள் நான் பக்கத்தில் இல்லாத நேரத்தில், அக்கா ஸ்டென்டின் அளவை மாற்றிச் சொன்னார். டாக்டர் திரும்பி பாக்கெட்டைப் பார்த்தார், பிறகு அக்காவைப் பார்த்தார். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. அக்காவைக் கண் சோதனைக்கு அனுப்பினார்கள். கண் டாக்டர் சோதித்துவிட்டு, எந்தப் பிரிவில் வேலை செய்கிறீர்கள் என்றுதான் முதலில் கேட்டாராம். இரண்டு கண்ணிலும் புரை. எக்ஸ்ரே குழாய் இருக்கும் பக்கமான இடது கண்ணில் அதிகம். அறுவை சிகிச்சை முடிந்து வந்தவரை ஈசிஜி அறையில் போட்டார்கள்.

இன்று அக்கா நின்ற இடத்தில் நான் நிற்கிறேன். இப்போது ஆளுக்கொரு ஈயக் கண்ணாடி உண்டு, பக்கவாட்டில் மறைப்போடு. புதிதாக வரும் பெண்கள் கனக்கிறது என்று அதை நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டுக்கொள்கிறார்கள். சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. கோபம்கூட இப்போதெல்லாம் வருவதில்லை. அக்காவின் கதையைச் சொல்லலாம்தான். அதில் கடைசியில் நடந்ததைச் சொல்லத்தான் தெம்பு இல்லை.

அக்கா ஈசிஜி அறைக்குப் போன பிறகு, அவர் கேட்ட பவர் கண்ணாடி வந்து சேர்ந்தது. ஸ்டோர்காரர் தானே எடுத்துக்கொண்டு வந்தார், முகமெல்லாம் சிரிப்பு. "மேடம், ஒருவழியா வந்துடுச்சு பாருங்க" என்றார். சாப்பாட்டு நேரம், நானும் அங்கே இருந்தேன். அறுவை சிகிச்சையில் உள்ளே லென்ஸ் வைத்த பிறகு அக்காவுக்கு அந்தப் பழைய பவர் ஆகாது என்பது, பாவம், அந்த மனிதருக்குத் தெரியவில்லை. அக்கா மறுக்காமல் வாங்கி மாட்டிக்கொண்டார். "ரொம்ப நல்லா செஞ்சிருக்காங்க சார்" என்றார். ஸ்டோர்காரர் சந்தோஷமாகப் போனார். அக்கா கண்ணாடியைக் கழற்றாமலே என் பக்கம் திரும்பினார்.

"மூஞ்சி இருக்கற எடத்துல வெறும் வெள்ளையா ஏதோ தெரியுது. கடைசில லேப்ல இருந்தப்ப நீங்க எல்லாரும் எனக்கு இப்படித்தாம்மா தெரிஞ்சீங்க" என்றார். பிறகு அதைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு, வெளியே காத்திருந்த நோயாளியை உள்ளே கூப்பிட்டார்.