எனக்குத் தெரிந்த வேகம்

ஒரு பாடகியின் குரலை நடுவில் உட்கார வைத்துக்கொண்டுதான் நான் குடும்பமே நடத்துகிறேன் என்று என் வீட்டுக்காரி சொல்வாள். சாப்பிடக் கூப்பிட்டு நான் எழுந்து வராவிட்டால், "உங்க அக்கா பாடி முடிக்கட்டும், சோறு எங்க ஓடிடப் போவுது" என்பாள். அந்த 'அக்கா' பாப் பாடகி. கால்சட்டையும் தோளில் கிடாருமாக மேடை ஏறியவர். சினிமாவில் பாடியதைவிடத் தனிக் கேசட்டுகளில் பாடியதுதான் அதிகம்.

விழுப்புரத்தில் மைக் செட் வாடகைக்கு விடுகிறேன். தொழிலை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, ஷாக் அடித்து அடித்துத்தான் கற்றுக்கொண்டேன். பாட்டுப் பைத்தியம் அதற்கு முன்பே, முகையூர்ப் பக்கம் எங்கள் ஊரில் இருந்தபோதே பிடித்துவிட்டது. பஸ் ஏறி விழுப்புரம் ரெக்கார்டிங் கடைக்கு வருவேன். பாட்டுகளை எழுதிக் கொடுத்தால் வெற்றுக் கேசட்டில் பதிந்து தருவார்கள். நான் எப்போதும் இரண்டு பாட்டு கூடுதலாகவே எழுதுவேன். "கேசட்டு இன்னா ரப்பரா, இழுத்தா நீளறதுக்கு" என்று கடைக்காரர் அலுத்துக்கொள்வார். ஆனாலும் எல்லாப் பாட்டும் அடங்கியிருக்கும்.

எப்படி அடங்கியது? பாட்டு ஓடுகிற டெக்கின் வேகத்தைக் கொஞ்சம் கூட்டிப் பாட்டைச் சுருக்கி இடம் பிடித்திருக்கிறார். வேகம் கூடினால் குரலும் மேலே ஏறிவிடும். ஊருக்கெல்லாம் சவுண்டு போடுகிற எனக்கு இது போன வருடம்தான் தெரிந்தது. அதுவரை அந்தக் கேசட்டுகளிலிருந்து நகல் எடுத்தே கேட்டுக்கொண்டிருந்தேன். எப்போதாவது போனில் அதே பாட்டு மந்தமாகக் கேட்டால், போன் ஸ்பீக்கரைத் திட்டுவேன்.

போன வருடம் திண்டிவனத்தில் ஓர் அரிசி மில்காரருக்கு அறுபதாம் கல்யாணம். மண்டபத்துக்கு மைக் என்னுடையது. தாலி கட்டி முடிந்ததும் பதினோரு மணிக்கு அந்தப் பாப் பாடகியின் பாட்டு என்றார்கள். ஒயரை இரண்டு தடவை தப்பாகச் சொருகிப் பிடுங்கினேன்.

காரிலிருந்து அவரை இரண்டு பேர் பிடித்து இறக்கினார்கள். எழுபதைத் தாண்டியிருக்கும். அதே கால்சட்டை, முட்டியில் மட்டும் ஒரு பட்டை. கூட வந்த உதவிப் பெண் என்னிடம் பென் டிரைவைக் கொடுத்துத் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"அண்ணே, இதுல வெறும் மியூசிக்தான். அம்மா நேராத்தான் பாடுவாங்க, உதட்ட அசைக்கிற வேலையெல்லாம் கெடையாது. ரெண்டு வருஷம் கழிச்சு இன்னிக்குத்தான் மேடை. இன்னிக்குக் குரல் வந்தா இனிமேலும் பாடுவேன், வரலன்னா இதோட போதும்னு சொல்லிட்டாங்க. பார்த்துக்கங்கண்ணே."

ஹெட்போனில் போட்டுக் கேட்டேன். என் பாட்டுதான், ஆனால் நடை தள்ளாடுகிற மாதிரி இருந்தது. சுருதியும் கீழே. வயதாகிவிட்டதென்று இசையையே இறக்கிக் கொடுத்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டிக்கொண்டேன். அந்தம்மாவுக்கு நான் செய்கிற மரியாதை என்று நினைத்து, லேப்டாப்பில் வேகத்தைக் கொஞ்சம் கூட்டினேன். கேசட்டில் இருந்த அதே பாட்டு வந்துவிட்டது. யாரிடமும் கேட்கவில்லை.

முதல் வரியிலேயே அவர் பின்தங்கினார். எட்டிப் பிடித்தார், மறுபடி விட்டார். மேலே ஏறும் இடத்தில் குரல் கீறிப்போனது. முன்வரிசையில் ஓர் அம்மா பக்கத்திலிருந்தவரிடம், "பாவம், வூட்ல இருக்கலாமில்ல" என்றார். "பந்தி போட்டுட்டாங்க, ஜல்தி வாங்க, எலை புடிக்கணும்" என்று ஒருவர் எழுந்ததும் பாதி நாற்காலி காலியானது.

உதவிப் பெண் ஓடி வந்தாள்.

"என்னண்ணே பண்ணீங்க, பாட்டு ஓடுது?"

"இதாம்மா சரியான வேகம். நீங்கதான் கொறச்சி எடுத்துக்கினு வந்துட்டீங்க."

"யாருண்ணே கொறச்சது? அது அப்ப ஸ்டுடியோல வாசிச்ச மியூசிக்கு, அப்படியே இருக்கு."

கை தானாக வேகத்தை இறக்கியது. மேடையில் அவர் ஒரு நொடி என் பக்கம் பார்த்தார். அடுத்த வரியைப் பிடித்தார், பிடித்தபடியே போனார். அடர்த்தியான, நிதானமான குரல். எனக்கு அந்தக் குரலைத் தெரியாது. மீதி இருந்தவர்கள் கை தட்டினார்கள். நான் தட்டினேனா என்று நினைவில்லை.

பாட்டு முடிந்ததும் மணமக்கள் அறைக்குக் கூப்பிட்டனுப்பினார்.

"தம்பி, வேகத்தக் கூட்டினது நீங்களா?"

"ஆமாம்மா. தப்புதான். சின்ன வயசுலேர்ந்து எனக்கு அந்த வேகத்துலதான் தெரியும்."

கேசட்டுக் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "கடையில பதிஞ்சதா? எடம் பத்தாம வேகமா ஓட்டி ஏத்தியிருப்பாங்க. நிறைய ஊர்ல அப்படித்தான் பண்ணுவாங்க" என்றார். கோபமில்லை. "எங்க, உங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி பாடிக் காட்டுங்க."

இரண்டு வரி பாடினேன். முட்டிப் பட்டையின் மேல் விரலால் தாளம் போட்டுக்கொண்டே கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு. யாரு அந்தப் பொண்ணுன்னுதான் தெரியல."

உதவிப் பெண் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. எனக்குச் சிரிப்பதா, காலில் விழுவதா என்று புரியவில்லை. இத்தனை வருடம் நான் உருகியது இவருக்கா, அந்தக் கடைக்காரர் முடுக்கிய ஏதோ ஒரு குரலுக்கா?

"சரி, நீங்க கொறச்சப்புறம் பாடினேனே, அது எப்படி இருந்தது? மனசுல பட்டதச் சொல்லுங்க. அதுக்குத் தகுந்த மாதிரிதான் முடிவு பண்ணணும்."

'பிரமாதம்மா' என்று சொல்லியிருக்கலாம். ஆயிரம் கல்யாணத்தில் ஆயிரம் பேரிடம் சொன்ன வார்த்தைதான். ஆனால் அந்தப் பாட்டு முழுக்க நான் அவரைக் கேட்கவே இல்லை, என் காதில் இருந்ததோடு ஒத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மொத தடவையா கேட்டேம்மா. இன்னொரு வாட்டி கேட்டாத்தான் சொல்ல வரும்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. இன்னொரு தடவை மேடை ஏறுங்கள் என்று நானே கேட்ட மாதிரி ஆகிவிட்டது. அவர் என்னை நன்றாகப் பார்த்தார். பிறகு உதவிப் பெண்ணிடம் திரும்பினார்.

"அடுத்த மாசம் ஒரு மேடைக்குக் கேட்டாங்களே, அத மட்டும் ஒத்துக்கோ. வேற எதுவும் வேணாம்."

என் பதில் அவருக்குத் தெம்பு கொடுத்ததா, இல்லை ஒரு மைக் செட்காரன் மேல் இரக்கப்பட்டாரா, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அந்த மேடை எந்த ஊரில் என்றுகூடக் கேட்காமல், ஒயரைச் சுருட்டப் போய்விட்டேன்.