வாலின் நுனி

“வாலுக்கு நுனி வைக்கச் சொல்லி உங்கள யார் கேட்டது?” பேராசிரியை தன் உயிர்வேதியியல் நூலின் அச்சுத்தாளை மேசைமேல் அறைந்தார்.

பிழை திருத்துபவள் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தாள். ‘ஐசோலியூசின் அமரவேண்டிய இடத்தில் வாலின் நுனி வந்து ஒட்டிக்கொண்டால், நொதி அதை வெட்டி எறியும்.’ நுனி அவள் சேர்த்ததுதான்.

“வாலின் வந்துன்னு மொட்டையா இருந்துச்சு மேடம். வாலோட எதுன்னு கேள்வி வராதா?”

“வாலின்ங்கறது ஐசோலியூசின் மாதிரி ஒரு அமினோ அமிலம்மா! அது பேரே அதான்!”

“பேர் வைக்கிறப்பவே யோசிச்சிருக்கணும்.”

அச்சகத்தில் அவளுக்கு ஒற்றக்கா என்று பெயர். விட்டுப்போன ஒற்றெழுத்து எதுவும் அவளிடம் தப்பாது. தன் கல்யாணப் பத்திரிகையையே சிவப்பு மையால் திருத்தி மாப்பிள்ளை வீட்டுக்குத் திருப்பி அனுப்பியவள். மாமியாருக்கு அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

முதலாளி எட்டிப் பார்த்தார். “அச்சடிக்கலாம்னு இன்னிக்கு மேடம் கையெழுத்து போடலன்னா, நாளையிலேர்ந்து நீங்க பைண்டிங்ல பசை தடவுங்க.”

பிழை பார்த்தே பிழைத்தவள் அவள். வேறு வேலை தெரியாது.

கணினிக்காரர் ஒரே தட்டில் எல்லாப் பக்கங்களிலும் ‘நுனி’யை நீக்கினார். புதுத் தாள்கள் வரும்வரை ஒற்றக்கா எரிச்சலோடு கேட்டாள்:

“அந்த நொதிக்கு மட்டும் எப்படித் தெரியுது, இது தப்புன்னு?”

“ரெண்டு அறை வச்சிருக்கு. முதல் அறை ஐசோலியூசின் அளவுக்கு. வாலின் கொஞ்சம் சின்னது, அதுவும் புகுந்துடும். பக்கத்து அறை இன்னும் சின்னது. அதுல வாலின்தான் நுழையும். நுழைஞ்சா வெட்டு.”

“சரியானத வெட்டாதா?”

“எப்பவாவது வெட்டும்.”

“அத யாரும் பைண்டிங்குக்கு அனுப்ப மாட்டாங்க.”

பேராசிரியை, வந்த தாள்களை மளமளவென்று புரட்டிவிட்டுப் பேனாவைத் திறந்தார். ஒற்றக்காவின் கண் ஒரு வரியில் இடறியது. ‘அமினோ அமிலம், ஆர்.என்.ஏ.யின் யில் ஒட்டப்படுகிறது.’ நுனியில் என்று இருந்திருக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டிருந்தால் நாற்காலி மிச்சம்.

“பேனாவ மூடுங்க மேடம். நிஜ நுனியையும் சேத்து வெட்டிட்டாரு கணினிக்காரர்.”

பேராசிரியை தலையில் கை வைத்துக்கொண்டார். “வேற எங்கெங்க போச்சோ! வீட்டுக்குக் கொண்டுபோய் முழுசாப் பாத்துட்டு நாளைக்கு வரேன்.”

அவர் படியிறங்கியதும் முதலாளி பல்லைக் கடித்தார். “ஊர்ல இருக்கிற எழுத்துக்கெல்லாம் புள்ளி வைக்கிறீங்க. உங்க வாய்க்கு ஒரு புள்ளி வைக்கத் தெரியலியே!”

“தெரிஞ்சிருந்தா மாமியாரோட நிம்மதியா இருந்திருப்பேனே.”

மறுநாள் ஒற்றக்கா பைண்டிங் பகுதிக்குப் போனாள். பசை கட்டிதட்டியிருந்தது, தண்ணீர் ஊற்றிக் கலக்கினாள். மதியம் பேராசிரியை வந்து கையெழுத்திட்டுப் போனார். இயந்திரம் ஓடத் தொடங்கியது. அவள் மாலைவரை ஒரு சமையல் புத்தகத்தின் பிரதிகளுடைய முதுகுகளில் பசை தடவினாள். உள்ளே திறந்து பார்க்கவில்லை.