கோயிலைக் கேட்காத எழுத்து

எனக்குக் கலியாணம் நடக்கப்போகிறது என்பதை எங்கள் ஊரான உரும்பிராய் ஒரு பலகையில் வாசித்துத்தான் அறிந்துகொண்டது. விவாகப் பதிவுகாரர் வீட்டு விறாந்தைச் சுவரில் அந்தப் பலகை தொங்கும். எங்கள் பக்கத்தில் கலியாணத்தைச் சட்டப்படி பதிவதை ‘எழுத்து’ என்பார்கள். எழுத்துக்கு முன் இன்னாரும் இன்னாரும் முடிக்கப்போகிறார்கள் என்று அதில் அறிவித்தல் ஒட்டவேண்டும், மறுப்புள்ளவர்கள் வந்து சொல்வதற்காக. வழக்கமாக அதை யாரும் நின்று பார்ப்பதில்லை. எங்களுடையதை, தோட்டத்துக்குப் போகிற ஆட்கள் தோளில் மண்வெட்டியோடு நின்று வாசித்தார்களாம். என் பெயர் அம்மன் பெயர். மாப்பிள்ளையின் பெயர் வேதாகமத்துப் பெயர். இரண்டையும் ஒரே வரியில் பார்ப்பது அவர்களுக்குப் புதினமாக இருந்திருக்கும்.

முப்பதுகளின் நடுப்பகுதி அது. நான் எங்கள் ஊர்ச் சைவப் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அவர் கோப்பாய்ப் பக்கத்தில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். விடுமுறையில் ஆசிரியர்களுக்கென்று நடந்த ஒரு பயிற்சி வகுப்பில்தான் சந்தித்தோம். அது மிஷன் கட்டடம் என்பதால் காலையில் செபம் சொல்லித்தான் வகுப்பைத் தொடங்குவார்கள். நான் மரியாதைக்கு எழும்பி நிற்பேன். கண்ணை மட்டும் மூடமாட்டேன். ஒருநாள் இடைவேளையில் அவர் வந்து கேட்டார்.

“ரீச்சர், நீங்கள் ஏன் செபத்துக்குக் கண் மூடுறேல்லை?”

“நான் மூடேல்லை எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?” என்றேன்.

அவருடைய காது சிவந்து போய்விட்டது. இன்றைக்கும் அந்தச் சிவந்த காதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

சைவரும் வேதக்காரரும் கலியாணம் செய்வது அந்தக் காலத்தில் நடக்காத காரியமல்ல. கிறிஸ்தவர்களை நாங்கள் வேதக்காரர் என்றுதான் சொல்வோம். அப்படியான கலியாணத்தில் ஒரு பக்கம் மாறிவிடும். பெண் ஞானஸ்நானம் எடுப்பாள், அல்லது மாப்பிள்ளை திருநீறு பூசுவார். கொஞ்சநாள் முணுமுணுப்பு இருக்கும், பிறகு பிள்ளை பிறக்கும், எல்லாம் அடங்கும். நாங்கள் இருவரும் மாறுவதில்லை என்று முடிவெடுத்திருந்தோம். அதுதான் ஒருவருக்கும் விளங்கவில்லை. மாறியிருந்தால் பாதிச் சனமாவது எங்கள் பக்கம் நின்றிருக்கும்.

என் ஐயா புகையிலைத் தோட்டக்காரர். அதிகம் கதைக்கமாட்டார். நான் விஷயத்தைச் சொன்னபோது அவர் கன்றுகளுக்கு நடுவில் குந்தியிருந்து புழுப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்.

“என்ரை மூத்த அண்ணை வாத்தியார் வேலைக்காக வேதத்திலை சேந்தவர். உனக்குத் தெரியுமெல்லே?”

தெரியும். ஆனால் வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

“அண்ணை மனசாலை ஒருநாளும் வேதக்காரனாயிருக்கேல்லை. வெள்ளிக்கிழமையிலை கோயில் மணி கேட்டால் வேலிக்கரையிலை வந்து நிப்பார். உள்ளுக்கு வர வெக்கம். நான் கண்டும் காணாத மாதிரிப் போவன். சாகும்மட்டும் அந்த மனுசன் அப்பிடித்தான் நிண்டது. உன்னையும் அப்பிடி நிக்கவிட நான் சம்மதியன்.”

“அவர் என்னை மாறச் சொல்லேல்லை ஐயா.”

“அப்ப அவரை மாறச் சொல்லு.”

“என்னை ஒருத்தரும் மாத்தக்கூடாது எண்டுறியள். அவரை மட்டும் என்னெண்டு மாறச் சொல்லுறது?”

ஐயா ஒரு புழுவைப் பிடித்துக் காலடியில் போட்டு நசுக்கினார். பிறகு அடுத்த கன்றுக்கு நகர்ந்தார்.

அறிவித்தல் ஒட்டிய பிறகு அம்மாவின் தம்பி, என் அம்மான், சும்மா இருக்கவில்லை. மறுப்புச் சொல்லவேண்டும் என்று ஐயாவையும் இழுத்துக்கொண்டு பதிவுகாரரிடம் போனார். பதிவுகாரர் நெற்றி நிறையத் திருநீறும் கழுத்தில் உருத்திராக்கமுமாக இருக்கிற மனிதர். கோயில் திருவிழாவென்றால் முன்வரிசையில் நிற்பவர். அவர் தன் பக்கம்தான் என்று அம்மான் நம்பிப் போயிருக்கிறார். அங்கே நடந்ததை ஐயா பிறகு எங்களுக்குச் சொன்னார்.

“மறுப்பு எழுதுங்கோ. பெடியன் வேதக்காரன்” என்றாராம் அம்மான்.

“பெடியனுக்கு வேறை பெண்சாதி இருக்கோ?”

“இல்லை.”

“ஆருக்கும் வயசு காணாதோ?”

“காணும். இரண்டு பேரும் பெரிய ஆக்கள்தான்.”

“கிட்டின சொந்தமோ?”

“என்ன கதை கதைக்கிறியள்? அவை எங்கை, நாங்கள் எங்கை!”

“அப்ப நான் எழுத ஒண்டுமில்லை. உதுகளைத்தான் நான் கேக்கலாம். ஆர் எந்தக் கோயிலுக்குப் போகினம் எண்டு கேக்க எனக்கு அதிகாரம் கிடையாது.”

அம்மானுக்குக் கோபம் வந்துவிட்டது. “நீங்களும் ஒரு சைவன்தானே?”

“ஓம், சைவன்தான். எனக்கும் உந்தக் கலியாணம் துண்டாப் பிடிக்கேல்லை. ஆனால் இந்தக் கதிரையிலை இருக்கேக்கை எனக்குப் பிடிச்சதைச் செய்யேலாது. நாளைக்கு இதிலை ஒரு வேதக்காரன் வந்து இருப்பான். அவன் தனக்குப் பிடிச்சதைச் செய்யத் துவங்கினால் உங்கடை பிள்ளையள் எங்கை போய் எழுதுறது?”

அம்மான் படலையைத் தள்ளிக்கொண்டு வெளியேறிவிட்டார். ஐயா மட்டும் நின்றிருக்கிறார். அவருக்கு ஒன்று கேட்கவேண்டியிருந்தது.

“எழுத்து எழுதினாப்போலை என்ரை பிள்ளை வேதத்திலை சேந்ததாகுமோ?”

“ஆகாது. பெடியனும் சைவமாக மாட்டான். அவை அவையாத்தான் இருப்பினம். புருசன் பெண்சாதி எண்டு மட்டும் ஆகும்.”

ஐயா வீட்டுக்கு வந்து, கால் கழுவி, அம்மாவிடம் சோறு போடச் சொன்னார். பாதிச் சாப்பாட்டில் என்னைப் பார்த்து, “நான் சாட்சிக்கு வாறன்” என்றார்.  அம்மா கறிச்சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றா.

தாலி செய்விக்க நாங்கள் இருவரும் போனபோதும் ஒரு சில்லெடுப்பு, சின்னத் தொல்லை. தட்டார், “பிள்ளையாரோ, புறாவோ?” என்று கேட்டார். சைவத் தாலி என்றால் பிள்ளையார், வேதக்காரர் தாலி என்றால் புறா. கணக்கு வாத்தியார் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். “ஒண்டும் வேண்டாம், சும்மா விடுங்கோ” என்றார் அவர். “மொட்டைத் தாலியோ? நான் செய்ததில்லையே” என்று தட்டார் தலையைச் சொறிந்தார். கடைசியில், வெறுமனே விட மனம் கேட்காமல், தன் விருப்பத்துக்கு ஓரத்தில் ஒரு சின்னப் பூவைக் கொத்தித் தந்தார்.

எழுத்து எங்கள் வீட்டு முன்னறையில் நடந்தது. ஐயரும் இல்லை, போதகரும் இல்லை. மேளமும் இல்லை. பதிவுகாரர் கேட்டவற்றுக்குப் பதில் சொல்லிக் கையெழுத்துப் போட்டோம். ஐயா பேனையை இறுக்கிப் பிடித்து மெதுவாகத் தன் பெயரை எழுதினார். மாப்பிள்ளையின் தாயார், என் மாமி, வெள்ளைச் சேலையோடு ஒரு மூலையில் இருந்தா. அம்மாவும் மாமியும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருவரும் அழுதார்கள். பதிவுகாரர் எல்லாவற்றையும் முறையாக முடித்தார், எங்களுக்கு நல்வாழ்த்துச் சொன்னார், சாப்பிடாமல் புறப்பட்டுப் போனார். “ஒரு வாய் சாப்பிட்டிட்டுப் போங்கோ” என்று அம்மா கேட்டதற்கு, “இல்லைப் பிள்ளை, அது வேறை” என்றார். எனக்கு அவரில் கோபம் வரவில்லை. பிடிக்காத ஒரு கலியாணத்தை ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதி வைத்த மனிதர் அவர். அவர்மேல் எனக்கிருந்த மரியாதை இன்றும் குறையவில்லை.

அதற்குப் பிறகுதான் உண்மையான கரைச்சல் தொடங்கியது. எங்கள் பள்ளிக்கூட முகாமையாளர் என்னை வேண்டாம் என்று சொல்லவில்லை. “கொஞ்சநாள் வீட்டிலை நிண்டு ஆறுதலா யோசி பிள்ளை” என்றார். அந்தக் கொஞ்சநாள் முடியவேயில்லை. என் கணவருடைய மிஷன் பள்ளிக்கூடத்தில் முகாமையாளராக இருந்த போதகர், மனைவியை ஞானஸ்நானத்துக்குக் கூட்டிவரும்படி சொன்னார். இவர் மாட்டேன் என்றார். அப்படியானால் இங்கே இடமில்லை என்று பதில் வந்தது.

“என்ரை சம்பளம் அரசாங்கத்தின்ரை காசு ஐயா. அதிலை சைவற்றை வரியும் இருக்கு” என்று இவர் கேட்டிருக்கிறார்.

“காசு அரசாங்கத்தின்ரையாயிருக்கலாம் தம்பி. பள்ளிக்கூடம் கர்த்தரின்ரை” என்றாராம் போதகர்.

அவர் கெட்டவரில்லை, மாமி காய்ச்சலாகக் கிடந்தபோது தினமும் வந்து பார்த்தவர். ஆனாலும் இதில் அசையவில்லை. பிறகு ஒரு சைவப் பள்ளிக்கூடத்தார் ஆள் அனுப்பினார்கள். கணக்கு வாத்தியார் தேவை, நெற்றியில் ஒரு பூச்சுப் பூசிக்கொண்டு வந்தால் காணும், மனதில் என்ன இருக்கிறது என்று கேட்கமாட்டோம் என்றார்கள். இவர் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து சைக்கிளைச் சுவரில் சாத்தினார்.

“என்னவாம்?” என்று கேட்டேன்.

“இரண்டு பேரும் வேலை தர ஆயத்தம். ஆனால் எனக்கில்லை. வேறை ஆரோ ஒருத்தனுக்கு” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அன்றைக்கு அவரால் சாப்பிட முடியவில்லை.

இரண்டு சம்பளமும் இல்லாமல் மாமி வீட்டில் இருந்தோம். அப்போது ஐயா ஒருநாள் வந்து, “தோட்டத்துக்கு ஒரு ஆள் தேவை. தம்பி வருவாரோ?” என்று என்னைக் கேட்டார். மருமகனை நேராகக் கேட்க அவருக்குக் கூச்சம். அப்படித்தான் அல்ஜிபிரா படிப்பித்த மனிதர் துலா மிதிக்கப் போனார். கிணற்றுத் துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடப்பது பழக்கமில்லாதவனுக்கு லேசான வேலையில்லை. முதல் கிழமை கால் கொப்பளித்துவிட்டது. கீழே ஐயா தண்ணீர் அள்ளிவரும் ஓலைப் பட்டையைக் கவிழ்த்து இறைப்பார். மேலே இவர் நடப்பார். ஐயா வழக்கப்படி தேவாரம் பாடிக்கொண்டு இறைப்பவர். இவர் வந்த புதிதில் பாடாமல் இருந்திருக்கிறார்.

“என்ன மாமா, இண்டைக்குப் பாடேல்லை?” என்று மேலே இருந்து இவர் கேட்டாராம்.

“உமக்கு ஒரு மாதிரி இருக்குமெண்டு விட்டனான்.”

“பாட்டில்லாமல் நடக்கிறதுதான் ஒரு மாதிரி இருக்கு. கால் ஒழுங்கா விழுதில்லை.”

பிறகு ஐயா பாடினார். இவர் தன் பங்குக்கு ஞாயிற்றுக்கிழமைக் கீர்த்தனைகளைப் பாடினார். ஐயாவுக்கு அதில் ஒன்றின் இராகம் பிடித்துப்போய், வீட்டில் தன்னை மறந்து முணுமுணுத்து அம்மாவிடம் பேச்சு வாங்கினார். விடியற்காலையில் நான் தேத்தண்ணீர் கொண்டுபோகும்போது தூரத்திலேயே அந்த இரண்டு குரல்களும் மாறிமாறிக் கேட்கும். ஈர மண்ணின் வாசமும் புகையிலைக் கன்றின் காரமும் சேர்ந்து வரும். அன்றாடத்துக்கே கஷ்டப்பட்ட காலம் அது. ஆனாலும் எந்தக் காலத்துக்குத் திரும்பிப் போக விருப்பம் என்று யாராவது கேட்டால் நான் அந்தத் தோட்டத்து வரம்பைத்தான் சொல்வேன்.

அடுத்த வருடம் வல்வெட்டித்துறைக்குக் கிட்ட ஒரு அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் இவருக்கு வேலை கிடைத்தது. அந்த நாளில் எங்கள் பக்கத்தில் அரசாங்கப் பள்ளிக்கூடங்கள் அரிது. எல்லாம் ஏதோ ஒரு சமயத்தாருடையவைதான். நேர்முகத்துக்குப் போய்வந்தவர் படலையில் நின்றே சத்தம் போட்டார்.

“என்ன கேட்டவை தெரியுமோ? பின்னம் எப்பிடிப் படிப்பிப்பீர் எண்டு கேட்டவை. அவ்வளவுதான்!”

மாமியும் எங்களோடு வல்வெட்டித்துறைக்கு வந்தா. தனக்கென்று ஒரு சட்டி பானையும் கொண்டுவந்தா. என் வெள்ளிக்கிழமைச் சமையலில் மச்சம் மாமிசம் இருக்காது என்பதால் தனக்குத் தனியாக மீன் காய்ச்சுவா. கடற்கரை ஊர், நல்ல மீன் மலிவு. அதை எப்போது நிறுத்தினா என்று எனக்குத் தெரியாது. ஒரு வெள்ளிக்கிழமை பார்த்தால் என் பருப்பும் கீரையும் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தா. கந்தசஷ்டிக்கு நான் விரதமிருந்தால் அதை முடிக்கிற பாறணைக்கு இளநீர் சீவி வைப்பா. கிறிஸ்து பிறப்பான நத்தாருக்கு நான் பலகாரம் சுடுவேன். ஐயா உரும்பிராயிலிருந்து ஒரு குலை வாழைப்பழத்தோடு பஸ்ஸில் வந்து இறங்குவார். “உங்கடை வருசப்பிறப்பு எப்பிடிச் சம்மந்தி?” என்று கேட்பார். அது வருடப் பிறப்பு அல்ல என்று மாமி ஒவ்வொரு முறையும் திருத்துவா.

எல்லாம் சுமுகமாக நடந்தது என்று சொன்னால் பொய். மகள் பிறந்தபோது நானும் அவரும் முதல்முறையாகச் சண்டை பிடித்தோம். அவர் வாய்விட்டுக் கேட்கவில்லை, ஆனால் ஞானஸ்நானத்தை மனதில் வைத்திருந்தார். நான் முப்பத்தோராம் நாளில் பிள்ளையைக் கோயிலுக்குக் கொண்டுபோவதை மனதில் வைத்திருந்தேன். மாறமாட்டோம் என்று ஊரையே எதிர்த்த இருவரும் அந்தச் சின்னப் பிள்ளையை எங்கள் எங்கள் பக்கம் இழுத்தோம். மாமிதான் தொட்டிலை ஆட்டிக்கொண்டு சொன்னா:

“என்னைக் கேட்டால் நான் இப்பவே தண்ணி வாத்துப்போடுவன். ஆனால் என்னைக் கேக்காதேங்கோ. பெரிசா வளர்ந்தாப்போலை அவளைக் கேளுங்கோ.”

மகள் இரண்டு இடத்துக்கும் போய் வளர்ந்தாள். இருபது வயது கடந்தபின் தன் விருப்பத்துக்குத் தகப்பனின் கோயிலைத் தெரிந்தெடுத்தாள். எனக்கு அன்று நெஞ்சுக்குள் ஒரு பாரம் இருந்தது, அதை மறைக்கமாட்டேன். ஆனால் அவளை ஒருவரும் தள்ளவில்லை, ஒருவரும் இழுக்கவில்லை. அதுவே எனக்கு ஆறுதல்.

இரண்டாம் உலக யுத்தம் முடிகிற காலத்தில், மகள் இன்னும் சின்னப் பிள்ளையாய் இருந்தபோதே, மாமிக்குக் கண் மங்கிவிட்டது. பொழுதுபட வேதாகமம் வாசிக்காமல் அவவுக்கு இருக்க முடியாது. அவர் பள்ளிக்கூட வேலையில் வரப் பிந்தும். நான் விளக்கேற்றி, திருநீறு பூசி, என் கும்பிடு முடித்துவிட்டு மாமியின் பாயருகில் இருந்து வேதாகமத்துச் சங்கீதம் வாசிப்பேன். முதல்நாள் ஒரு அதிகாரம் முடிந்ததும் மாமி என் முழங்கையைத் தொட்டா.

“பயப்பிடாதை பிள்ளை. நீ வாசிக்கிறதாலை நீ வேதக்காரி ஆகேல்லை.”

“நீங்கள் கேக்கிறியள் மாமி. அதுக்காண்டி வாசிக்கிறன்” என்றேன்.

“ஓம், எனக்குத் தெரியும். கொஞ்சம் உரத்து வாசி.”

நான் உரத்து வாசித்தேன். அடுத்த வளவில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும்.