நீலத் தடம்

மகள் தானே படம் வரைந்து, குரல் கொடுத்துச் செய்த கதையை ஸ்மார்ட் கிளாஸ் திரையில் காட்ட அவள் பள்ளியில் கூப்பிட்டிருந்தார்கள். வகுப்பறை வாசலில் செருப்பைக் கழற்றியதும் ஏசி குளிர் உள்ளங்காலில் ஏறியது.

நான் படித்த வீரபாண்டிப் பள்ளியில் முதன்முதலாகக் கம்ப்யூட்டர் ரூமுக்குப் போன நாளிலும் இதே குளிர்தான். சாயப்பட்டறையில் வேலை பார்த்த அப்பா, அன்று காலை என் பாதங்களைப் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துவிட்டார். "போயி நல்லாப் படி கண்ணு." ஆனால் தெருவில் ஓடிய சாயத்தண்ணியை மிதிக்காமல் பள்ளிக்குப் போக வழியில்லை. வெள்ளை டைல்ஸில் நீலத் தடம் விழுந்தது.

"யாரு காலு இது?" என்றார் டீச்சர். எல்லாரும் பாதத்தைத் தூக்கிக் காட்டினார்கள். நான் தூக்கவில்லை. அந்த வகுப்பு முடியும்வரை டீச்சர் என்னை வெளியே, கழற்றிவைத்த செருப்புகளோடு நிற்கவைத்தார்.

"உள்ள வாங்கம்மா, என் கதையப் போடப் போறாங்க" என்று மகள் கூப்பிட்டாள். நான் உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.