ரேடியேட்டருக்கு ஊற்றிய மருந்து

என் மகனின் நிச்சயதார்த்தத்துக்குப் பெண் வீட்டுக்குப் போக, அடுத்த வீட்டு பாய் தன் காரைக் கொடுத்தார். பூந்தமல்லியில் துணிக்கடை வைத்திருப்பவர். ஒரே சுவருக்கு இந்தப்பக்கம் நாங்கள், அந்தப்பக்கம் அவர்கள். வாடகை வண்டி பார்த்துக்கொள்கிறேன் என்றதற்குக் கோபித்துக்கொண்டு, சாவியை என் சட்டைப்பையில் போட்டுவிட்டுப் போனார்.

ஐந்து பேர் உட்காரும் காரில், வரிசைத் தட்டுகளோடு எட்டுப் பேர் அடைந்துகொண்டோம். ஓட்டியது என் மனைவியின் தம்பி. பருத்திப்பட்டில், குழாய்க்குத் தோண்டி அரைகுறையாக மூடியிருந்த பள்ளத்தில் முன்பக்கம் டமாலென்று இடித்தது. இறங்கிப் பார்க்க நான் விடவில்லை. நல்ல நேரம் போய்விடுமே என்ற பதற்றம். பட்டாபிராம் தாண்டியதும் பானெட்டிலிருந்து குபுகுபுவென்று ஆவி. ரேடியேட்டர் ஒழுகிக்கொண்டிருந்தது.

மச்சினன் அசரவில்லை. சூடு ஆறியதும் தண்ணீர் ஊற்றிவிட்டு என்னிடம் வந்தான்.

"தட்டுல மஞ்சத்தூள் கீதுல்ல மாமா, அத்தக் குடு. ஓட்டைய அடைச்சிக்கும்."

என் மனைவி அவனை முறைத்தாள். பிறகு குங்குமத்தை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு மஞ்சளை மட்டும் கொடுத்தாள். ஒழுகல் நின்றது. வேப்பம்பட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம், நிச்சயமும் குறையில்லாமல் முடிந்தது. அவசரத்துக்குச் செய்ததை யாரும் தப்பு சொல்ல மாட்டார்கள். தப்பெல்லாம் மறுநாள் நான் செய்ததுதான்.

காலையில் பார்த்தால் காருக்கடியில் மறுபடியும் தண்ணீர். ரேடியேட்டரைக் கழற்றிச் சரிசெய்ய இரண்டு நாள் ஆகும். பாயிடம் காரணம் சொல்ல வேண்டும். எட்டுப் பேர் ஏறியதையும் பள்ளத்தையும் சொல்ல வேண்டும். இல்லையென்றால், ஒழுகலை அடைக்கிறது என்று ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் விற்கும் பாட்டிலை வாங்கி ஊற்றிவிடலாம். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் காலமெல்லாம் இன்ஸ்பெக்டராக இருந்தவன். மயிரிழை குறைந்த உருப்படியைக்கூட எடுத்து வீசியிருக்கிறேன். ஓட்டையை மட்டும் தேடிப்போய் அடைக்கும் அறிவு எந்த மருந்துக்கும் கிடையாது, தண்ணீர் ஓடும் வழியையும் சேர்த்தே அடைத்துவிடும் என்பது எனக்குத் தெரியாதா என்ன? தெரிந்துதான் ஊற்றினேன். ஒரு பாட்டில் போதும் என்று அதில் போட்டிருந்தது. நான் இரண்டு ஊற்றினேன்.

காரைக் கழுவித் துடைத்து, டேங்க் நிறைய பெட்ரோல் போட்டு, ஸ்வீட் பெட்டியோடு சாவியை நீட்டினேன். பெட்ரோல் எதற்கு என்று பாய் உரிமையோடு திட்டினார். நானும் வெட்கமில்லாமல் சிரித்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த மாதம் அவர் மனைவிக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன். விடியற்காலையில் கிளம்பினார்கள். பாதி வழியில் எஞ்சின் கொதித்து, அப்படியே இறுகி நின்றுவிட்டது. ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் நேரம் தவறிவிட, டாக்டர் அடுத்த வாரம் வரச் சொல்லிவிட்டார். அந்த வாரம் முழுக்க, சுவருக்கு அந்தப்பக்கம் அந்த அம்மா வலியில் முனகுவது எனக்குக் கேட்டது. நான் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தேன். இதை எழுதும்போதுகூட என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. காரை யாரும் திறந்து பார்க்கவில்லை. பழைய வண்டி, எஞ்சின் போய்விட்டது என்று வந்த விலைக்குக் கொடுத்துவிட்டார். பிறகு ஒருநாள் என் வீட்டுக்கு வந்து, உட்காராமலே பேசினார்.

"மன்னிச்சிக்கோண்ணே. அந்த மாதிரி வண்டியப் போயி உங்க ஊட்டு விசேஷத்துக்குக் குடுத்துட்டேன். அன்னிக்கு நடுவழில நின்னுருந்தா, சம்பந்தி முன்னாடி இன்னா மரியாத?"

கல்யாணத்துக்குத் தன் தம்பியின் புது காரைக் கேட்டு வைத்திருப்பதாகச் சொன்னார். சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். "வேணாம் பாய்" என்பது மட்டும்தான் வந்தது.

அவர் முகம் வாடிவிட்டது.

"எங்க வண்டின்னாலே உங்களுக்கு நம்பிக்க பூட்ச்சி. தெரியுதுண்ணே" என்றார்.

இல்லை என்று தலையை ஆட்டினேன். மறுபடியும் வண்டி தருவதாகச் சொல்லி என்னைச் சங்கடப்படுத்திவிட்டதாக நினைத்து, அதற்கும் அவரே ஒரு மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்.