யாரும் போடாத விளக்கு

கப்பல் பட்டறையில் சத்தம் இருந்தால் எனக்குப் பயமில்லை. சத்தம் நின்றால்தான் பயம். அன்று மதியம் சத்தம் நின்றிருந்தது.

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். சிங்கப்பூரில் ஜூரோங் பக்கம் வேலை, அங்கேயே தங்குமிடம். ஞாயிற்றுக்கிழமைகளில் லிட்டில் இந்தியாவில் நம் பஜனைக்கு வருகிறவர்களுக்கு என் முகம் தெரியும். பின்வரிசையில் உட்கார்ந்து செருப்பைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பவன் நான்தான். சின்ன வயதிலிருந்தே எனக்கு எதற்கெடுத்தாலும் கவலை. வீட்டிலிருந்து போன் வந்தால் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று நினைப்பேன். வராவிட்டாலும் அதையேதான் நினைப்பேன். பட்டறையில் எனக்கு வைத்த பெயர் 'எமர்ஜென்சி'.

அந்தக் கவலைக்காகவே என்னைக் காவலுக்கு உட்கார வைத்தார்கள். கப்பலின் அடியில் இருக்கும் இரும்புத் தொட்டிக்குள் இறங்கி எங்கள் ஆட்கள் பெயிண்ட் அடிப்பார்கள். இறங்குகிறவன் வாசலில் இருக்கும் பலகையில் தன் பெயர் அட்டையை மாட்டுவான். ஏறி வந்ததும் எடுத்துக்கொள்வான். வாசலில் உட்கார்ந்து ஆட்களைப் பார்த்துக்கொள்வதும், உள்ளே நல்ல காற்றை அனுப்பும் ப்ளோவர் ஓடுகிறதா என்று கவனிப்பதும் என் வேலை. பெயிண்ட் வாடை உள்ளேயே தேங்கினால் மனிதன் தூங்குவது போலச் சாய்ந்துவிடுவான். பிறகு எழுந்திருக்க மாட்டான்.

தைப்பூசத்துக்கு முந்தைய வாரம் அது. என் அறைத் தோழன் முத்துராசு பால்குடத்துக்காக மாலை போட்டிருந்தான். மகளுக்குப் பேச்சு வர வேண்டும் என்று வேண்டுதல். ராத்திரி ஒரு வேளைதான் சோறு. மதியம் வாழைப்பழமும் பாலும்தான். எங்கள் சாமான் கன்டெய்னருக்குப் பின்னால் சின்ன முருகன் படம் வைத்திருந்தோம். பட்டறையில் நெருப்பு கூடாது என்பதால் அங்கே பேட்டரி விளக்குதான். மதியச் சாப்பாட்டுச் சங்கு ஊதுவதற்குக் கொஞ்சம் முன்பே முத்துராசு மேலே ஏறிவிடுவான். கைகால் கழுவி, விளக்கைப் போட்டு, கும்பிட்டுவிட்டுப் பழத்தைச் சாப்பிடுவான். நாங்கள் கோழியும் மீனும் சாப்பிடுகிறவர்கள். விரதக்காரன் பக்கம் போகக் கூடாது என்று அந்த நேரத்தில் யாரும் கன்டெய்னர் பக்கமே திரும்ப மாட்டோம்.

அன்று எங்கள் குரூப் லீடர் அண்ணன் என்னைக் கூப்பிட்டு, "நான் இங்க உக்காந்துக்கிறேன், நீ கேட்டுல போய் சாப்பாட்டுப் பொட்டலத்த வாங்கிட்டு வா" என்றார். போனேன். திரும்பி வந்தபோது சங்கு ஊதி எல்லோரும் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு, குடிதண்ணீர் எடுக்கக் கன்டெய்னரைத் தாண்டிப் போனேன். பார்க்கக் கூடாது என்று தெரிந்தும் அதற்குப் பின்னால் ஒரு பார்வை பார்த்துவிட்டேன். படத்துக்கு முன்னால் வாழைப்பழம் அப்படியே இருந்தது. பால் பாக்கெட் பிரிக்கவில்லை. விளக்கு எரியவில்லை.

தண்ணீர் எடுக்காமலே திரும்பினேன்.

"அண்ணே, முத்துராசு எங்க?"

"சாமி கும்பிடப் போயிருப்பான்டா. உக்காரு, சோறு ஆறுது."

"அங்க இல்லண்ணே. விளக்கு போடல."

"டாய்லெட் போயிருப்பான் லா."

"ஆரம்பிச்சிட்டான்யா எமர்ஜென்சி!" என்றான் ஒருவன். "போன வாரம் என்னையே செத்துட்டேன்னு தேடுனான். நான் மொட்டமாடில துணி காயப்போட்டுட்டு இருந்தேன்." எல்லோரும் சிரித்தார்கள். எனக்கே ஒரு நிமிஷம் வெட்கமாகிவிட்டது.

"அவன் அட்டை எங்கண்ணே?"

அண்ணன் சட்டைப் பையைத் தட்டினார். எல்லோருடைய அட்டையையும் அவரே ஒரே கையில் உருவி எடுத்து வந்திருந்தார். விரதக்காரன்தான் எப்போதும் முதலில் ஏறிவிடுவானே, அட்டையை எடுக்க மறந்திருப்பான் என்று அவனுடையதையும் சேர்த்து எடுத்திருந்தார். அவர் கை பையிலேயே நின்றது. சிரிப்பும் நின்றது.

நான் ஓடினேன்.

எல்லோரும் மேலே வந்தாயிற்று என்று ப்ளோவரை நிறுத்தியிருந்தார்கள். தொட்டி வாசல் கறுப்பாக வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. வாடை முகத்தில் அடித்தது. "முத்துராசு!" என்று கத்தினேன். என் குரல்தான் உள்ளே போய்ச் சுற்றித் திரும்பி வந்தது. ப்ளோவர் ஸ்விட்சைப் போட்டேன். ரேடியோவில் உதவி கேட்டுக் கத்தினேன். பிறகு என்னையறியாமல் ஒரு காலை ஏணியில் வைத்துவிட்டேன்.

இறங்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். ஒருவனைத் தூக்கப் போய் இன்னொருவனும் அங்கேயே விழுவான் என்று பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் உள்ளே கிடப்பவன் என் பக்கத்துக் கட்டில்காரன். அவன் மகள் இன்னும் 'அப்பா' என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. இரண்டாவது காலும் இறங்கியது.

"முருகா, எனக்கு ஒண்ணும் தெரியல. நீயே சொல்லு" என்று வாய்விட்டு அழுதேன்.

அப்போது உள்ளேயிருந்து கேட்டது. டக். இரும்பில் இரும்பு தட்டுகிற சத்தம். கொஞ்சம் கழித்து மறுபடியும் டக். அவன் உயிரோடிருக்கிறான். ஆட்கள் வரும்வரை தாங்குவான், நானும் உள்ளே விழக் கூடாது என்று அப்போதுதான் புத்தி வந்தது. மேலே ஏறி வாசலருகே மண்டியிட்டேன். "முத்துராசு, ஆள் வர்றாங்கடா, காத்து வருதுடா" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். பின்னால் ஓடி வந்த அண்ணன் என்னைத் தள்ளிவிட்டு இறங்கப் பார்த்தார். நான் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. "விடுடா, என்னாலதான்டா" என்று அவர் அழுதார். உள்ளே மறுபடி சத்தம் வரவில்லை. அந்தக் காத்திருப்பை எழுத எனக்குத் தெம்பில்லை.

முகமூடியும் காற்றுச் சிலிண்டருமாக வந்தவர்கள் அவனைக் கயிற்றில் மேலே இழுத்தார்கள். உதடு நீலம். கழுத்தில் துளசிமாலை. மார்பு லேசாக ஏறி இறங்கியது. அதைப் பார்த்துவிட்டு அங்கேயே படுத்துவிட்டேன்.

பாதுகாப்பு அதிகாரி நம்மூர்த் தமிழர், வயதானவர். என் தோளைப் பிடித்து, "தம்பி, நீ எறங்கியிருந்தா ரெண்டு ஸ்ட்ரெச்சர் வேணும் லா" என்றார்.

முத்துராசு ஆஸ்பத்திரியில் கண் விழித்தான். பேச்சு வந்த அன்றே அந்தத் தட்டலைப் பற்றிக் கேட்டேன். அவன் என்னை விழித்துப் பார்த்தான்.

"நான் எங்கடா தட்டுனேன்? வெறும் வயிறு, தலை சுத்துச்சு. சுவத்துல சாஞ்சேன், அவ்வளவுதான். கையே வரல."

அதிகாரியிடம் சொன்னேன். வெயிலில் கப்பல் இரும்பு அப்படித்தான் சத்தம் போடும் என்றார். இருக்கலாம். நான் படிக்காதவன், வாதாட மாட்டேன். ஆனால் என்னைக் கீழே இறங்கவிடாமல் நிறுத்தியது அந்தச் சத்தம்தான். நான் கேட்டேன், பதில் வந்தது.

அந்தப் பூசத்துக்கு அவனுடைய பால்குடத்தை நான் சுமந்தேன். சிராங்கூன் சாலையிலிருந்து டோபி காட் வரைக்கும் அவன் விழுந்துவிடுவானோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அவன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருக்கிறான் என்பது டேங்க் ரோடு முருகன் கோயில் கோபுரத்தைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. அங்கே நின்று அழுதேன்.

அவன் மகள் இன்னும் பேசவில்லை. அவன் விரதத்தை விடவில்லை, ஆனால் இப்போது டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் விரதம் இருக்கிறான். எங்கள் பலகையில் மாட்டிய கைதான் அட்டையை எடுக்க வேண்டும். அண்ணனே அதற்குக் காவல் நிற்கிறார். என் கவலை போகவில்லை. ப்ளோவர் நின்றால் இன்றைக்கும் பலகைக்கு ஓடி அட்டைகளை எண்ணுகிறேன். முன்பெல்லாம் கவலை வந்தால் கும்பிட மறந்துவிடுவேன். இப்போது கவலை வந்தவுடன் கூப்பிட்டுவிடுகிறேன்.

உங்களுக்கும் காரணமில்லாமல் ஒருவர் பெயர் மனசில் இடறினால், பிறர் சிரிப்பார்களே என்று அதைத் தள்ளிவிடாதீர்கள். "முருகா" என்று சொல்லிக்கொண்டே எழுந்து போய்ப் பாருங்கள். முருகன் உங்களுக்கு முன்னாலேயே அங்கே போய் நின்றிருப்பான்.

இப்போது மதியம் அந்த விளக்கை நான்தான் போடுகிறேன். ஆனால் முத்துராசு மேலே ஏறி வந்து என் கண்ணில் பட்ட பிறகுதான்.